கழுவித் தீராத கைகள்

சாய்நாத் பெரிய படிப்பாளி என்று மயிலாப்பூரில் யாரும் சொன்னதில்லை. வலிக்காமல் ஊசி போடுகிறவன் என்றுதான் சொன்னார்கள். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவனுடைய பல் கிளினிக். பள்ளிக்கூடம் விட்டு யூனிஃபார்மோடு வரும் குழந்தைகள்கூட அழாமல் வாயைத் திறந்தன. அதற்குப் பாதிக் காரணம் அவனுடைய உதவியாளர் லூர்துசாமி. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கருவிகளை எடுத்துக் கொடுத்தபடி, கடலில் தன் அண்ணன் வலையில் சிக்கிய விசித்திர மீன்களைப் பற்றி அவர் கதை விட்டுக்கொண்டிருப்பார். அதைக் கேட்கிற சுவாரசியத்தில் ஊசி போட்டதே தெரியாது.

கொரோனா வந்த முதல் வருஷம் கிளினிக்கை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். எல்லா டாக்டருக்கும் பயம் இருந்தது. பல் டாக்டரின் பயம் வேறு தினுசு. நோயாளியிடம் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, மூச்சு படுகிற தூரத்தில் குனிந்து, டிரில்லை ஓட்டினால் எச்சில் பன்னீர் தெளித்த மாதிரி அறை முழுக்கப் பரவும். அதைத் தடுக்க வழியில்லை. பிளாஸ்டிக் அங்கிக்குள் வேர்வை முழங்கால்வரை வழியும். கண்ணாடி புகை மூடும். ஒருவர் போனதும் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அவனும் லூர்துசாமியும் வராந்தாவில் அடுத்த ஆளுக்காகக் காத்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் வீங்கிய கன்னங்களையும் உடைந்த கடைவாய்ப் பற்களையும் படம் எடுத்து அவன் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கூடப் படித்த பல் டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் ஜோக்குகள் வந்தன. பிறகு சந்தேகங்கள் வந்தன. இரண்டாம் அலையில் இரங்கல் செய்திகள் மட்டும் வந்தன.

அந்த ஏப்ரலில் கிளினிக் மூடித்தான் இருந்தது. தெரிந்த வங்கி மேனேஜர் ஒருவர் போன் செய்தார். கன்னம் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள் என்று அழுதார். சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கு ஆபத்து என்று சாய்நாத்துக்குத் தெரியும். தனியாகச் செய்ய முடியாது. லூர்துசாமியைக் கூப்பிட்டான்.

"ஒரே ஒரு பேஷண்ட், லூர்து. பயமா இருந்தா வேண்டாம்."

"இன்னா சார், இதுக்குப் போய் கேட்டுக்கினு. தோ வந்துக்கினே கீறேன்."

சீழை எடுத்தார்கள். மேனேஜர் பிழைத்துக்கொண்டார். சில நாள் கழித்து அவரே போன் செய்து, தனக்குப் பாசிட்டிவ் என்று வருத்தத்தோடு சொன்னார். அதற்குள் லூர்துசாமிக்குக் காய்ச்சல் வந்திருந்தது. சாய்நாத்துக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையில் நின்ற அந்த வாரத்தில், வரிசையில் நின்ற ஒரு வண்டிக்குள்ளேயே லூர்துசாமியின் மூச்சு அடங்கியது.

கல்லறைத் தோட்டத்துக்குள் யாரையும் விடவில்லை. சாய்நாத் கேட்டுக்கு வெளியே நின்றான். லூர்துசாமியின் மகள் ஆஷா அவனைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பேசினாள்.

"அப்பா ஒங்கள பத்தியே பேசிக்கினு இருந்தாரு சார். டாக்டருக்கு ஒண்ணும் ஆவலையே, ஆவலையேன்னு. நீங்க நல்லா கீறீங்கள்ல?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த விசாரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. நல்லா இருக்கேன் என்று தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்து கையைக் கழுவினான். அன்றைக்குக் கழுவ ஆரம்பித்ததுதான்.

முதலில் சோப்பு. பிறகு ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர்கள் போட்டுக்கொள்ளும் மருந்துத் திரவம். அதுவும் போதவில்லை என்று தோன்றியபோது பிளீச்சிங் பவுடர். கூடத்தில் தனியாகப் படுத்தான். தனித் தட்டு, தனி டம்ளர். பால் பாக்கெட்டோ காய்கறிப் பையோ வாசலுக்கு வந்தால், வாசலிலிருந்து குளியலறைவரை தரையைப் பிளீச்சிங் தண்ணீரால் துடைப்பான். பதினொரு வயது அனன்யாவைத் தொட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூங்கப் போகும்போது அவள் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்று கையசைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டாள். குழந்தைகள் எதற்கும் பழகிவிடுகிறார்கள். அவள் பழகிவிட்டதே அவனுக்கு வலித்தது. ஆனாலும் கிட்டே போக முடியவில்லை.

அவன் மனைவி நீரஜா அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். படுக்கையறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். இடைவேளைகளில் வெளியே வந்து பார்ப்பாள்.

"சாய், கையப் பாரு. தோல் உரிஞ்சுண்டு வரது."

"சரியாயிடும்."

"எப்போ? ராத்திரி சாதத்தப் பிசையறச்சே பல்லக் கடிச்சுண்டு சாப்பிடறே. நான் பாக்கலேன்னு நினைச்சுண்டிருக்கியா? ஆயத் கிட்டயாவது பேசேன்."

ஆயத் அவனோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இப்போது தி. நகரில் கிளினிக் வைத்திருக்கிறாள்.

"அவளுக்கு அவ கஷ்டம். நான் வேற எதுக்கு?" என்றான்.

லூர்துசாமியைக் கிளினிக்குக் கூப்பிட்டது தான்தான் என்பதை அவன் நீரஜாவிடம் சொல்லவில்லை. அவரே வந்தார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதக் கடைசியில் ஊரையே முழுசாக அடைத்தார்கள். கடைகூடக் கிடையாது. காய்கறி வண்டி மட்டும் தெருவுக்குள் வரும். அன்று காலை வண்டிக்காரர் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். சாய்நாத் பையை எடுத்து ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டு, வழக்கம்போல் தரையைத் துடைத்துவிட்டுக் கை கழுவப் போனான். அந்த நேரம் பார்த்து, மாடி வீட்டு ஸஹானா படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். கதைப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறாளாம். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த அனன்யா ஒரே ஓட்டமாக வாசலுக்கு ஓடினாள். ஈரத்தில் கால் வழுக்கியது. செருப்பு ஸ்டாண்டின் விளிம்பில் முகம் மோதிய சத்தம் குளியலறைவரை கேட்டது.

நீரஜா வகுப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தாள். சாய்நாத் சொட்டும் கைகளோடு வெளியே வந்தான். அனன்யா தரையில் உட்கார்ந்திருந்தாள். கவுனின் முன்பக்கம் முழுக்க ரத்தம். அழ வாயைத் திறந்தபோது, மேல் வரிசையின் நடுவில் ஒரு பல் இருந்த இடம் இருட்டாகத் தெரிந்தது.

அவனுக்குள் இருந்த டாக்டர் உடனே விழித்துக்கொண்டான். பால் பல் அல்ல, இனி முளைக்காத பல். வேரோடு வந்திருக்கிறது. சீக்கிரம் அதே குழியில் வைத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு. நேரம் போகப் போக வேரில் ஒட்டியிருக்கும் உயிர்த்தசை காய்ந்து செத்துவிடும்.

"பல்லத் தேடு. நீரஜா, அந்தத் தண்ணில விழுந்திருக்கக் கூடாது. பிளீச்சிங் பட்டா போச்சு."

நல்லவேளையாகப் பல் கால்மிதிமேல் கிடந்தது, உலர்ந்த பக்கத்தில்.

"வேரத் தொடாதே. கடிக்கற பக்கத்தப் பிடிச்சு எடு. டம்ளர்ல பால் விட்டு அதுல போடு. நான் கையக் கழுவிண்டு வந்து வெச்சுடறேன்."

அவன் உள்ளே போனான். குழாயைத் திறந்தான். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று கழுவினான். குழாயை மூடினான். மூடிய குழாயைத் தொட்ட கை. மறுபடி திறந்தான். இந்த முறை முழங்கையால் மூடினான். கதவை நோக்கித் திரும்பும்போது முழங்கையிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கைக்கு வழிந்தது. மறுபடி திறந்தான். வெளியே குழந்தை விசும்புவது கேட்டது. அந்த விசும்பலைக் கேட்டுக்கொண்டேதான் கழுவினான். வெடிப்புகளில் சோப்பு நுரை இளஞ்சிவப்பாக மாறியது. ரத்தம் வருகிற கையைக் குழந்தையின் வாயில் எப்படி வைப்பது என்று இன்னொரு தரம் கழுவினான்.

நீரஜா டம்ளரோடு குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"போறும் சாய். வா."

"ஒரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை."

"நேரமாகலையா? நீதானே சீக்கிரம்னே?"

நேரம் ஆகிக்கொண்டிருப்பது அந்த வீட்டில் அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? டம்ளருக்குள் அந்தச் சின்னப் பல் பாலில் மூழ்கிக் கிடந்தது. அவன் கண் அதைப் பார்த்தது. கை தண்ணீரை விட்டு வரவில்லை. வா என்று கையிடம் மனசுக்குள் மன்றாடினான். யாருடைய கையோ போல அது தன்பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"என்னால முடியலை, நீரஜா."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. ஒரு கணம் அவனையே பார்த்தாள். கோபம் வந்திருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தவள் போல முகம் மாறியது.

"சரி. என்ன பண்ணணும்னு சொல்லு. நான் பண்றேன்."

சோபாவில் அனன்யாவைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். சாய்நாத் தாழ்வாரத்தில், சோபா தெரிகிற மாதிரி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"அப்பா பண்ண மாட்டாரா?" என்று அனன்யா கேட்டாள். உதடு வீங்கி வார்த்தைகள் குழறின.

"அப்பா சொல்லுவார், அம்மா பண்ணுவேன். வாயத் திற கண்ணா."

"அலமாரில சலைன் பாட்டில் இருக்கு," என்றான் சாய்நாத். "அத வெச்சு வாயக் கொப்பளிக்கச் சொல்லு. குழில ரத்தக்கட்டி இருந்தா போயிடட்டும்."

"ஆச்சு."

"இப்ப பல்ல எடு. கடிக்கற பக்கத்தப் பிடி. முன்னாடி எது, பின்னாடி எதுன்னு பாத்துக்கோ. பக்கத்துப் பல் எப்படி இருக்கோ அப்படி. வழவழன்னு இருக்கற பக்கம் உதட்டப் பாக்கணும்."

"பாக்கறது."

"குழிக்கு நேரா வை. விரலால மெதுவா அழுத்து. நிறுத்தாம அழுத்து."

அனன்யா அலறினாள். நீரஜாவின் கை பின்வாங்கியது.

"அழட்டும். விடாதே. நீ விட்டா மறுபடி முதல்லேர்ந்து வலிக்கும். அழுத்து. இன்னும் கொஞ்சம்."

அவன் குரல் கிளினிக்கில் பேசுகிற குரலாகவே இருந்தது. அவன் முகத்தில் கண்ணீர் வழிந்து தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குரலுக்கு அது தெரியவில்லை.

"சாய், உள்ள போய் உக்காந்த மாதிரி இருக்கு."

"பக்கத்துப் பல்லும் அதுவும் ஒரே மட்டமா இருக்கா?"

"இருக்கு."

"கைக்குட்டைய மடிச்சுக் குடு. கடிச்சுண்டே இருக்கட்டும்."

சொல்லி முடித்ததும் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். வேலை முடியவில்லை. ஆடாமல் இருக்கப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி கட்ட வேண்டும். கிளினிக் ஐந்து நிமிஷ நடைதான். சாவி ஆணியில் தொங்கியது. அவன் போனை எடுத்து ஆயத்தைக் கூப்பிட்டான்.

"என் பொண்ணு விழுந்துட்டா. முன்பல் வெளில வந்துடுத்து. உள்ள வெச்சாச்சு. கம்பி கட்டணும், ஆயத். என்னால முடியாது."

ஏன் முடியாது என்று அவள் கேட்கவில்லை.

"கெளம்பி வா. நான் போய்க் கிளினிக்கத் திறந்து வைக்கறேன்."

கையுறை போட்டுக்கொண்டு அவனே காரை ஓட்டினான். பின்சீட்டில் நீரஜாவின் மடியில் குழந்தை. ஆழ்வார்பேட்டையில் தடுப்பு வைத்து நிறுத்தினார்கள். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். காரின் கண்ணாடியில் டாக்டர் ஸ்டிக்கர் இருந்தது.

"எங்க சார் போறீங்க?"

"தி. நகர். பல் டாக்டர் கிட்ட. குழந்தை விழுந்துட்டா."

"நீங்க இன்னா டாக்டரு?"

சாய்நாத்துக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "பல் டாக்டர்," என்றான்.

போலீஸ்காரர் அவனைப் பார்த்தார், பின்சீட்டில் ரத்தம் தோய்ந்த கைக்குட்டையைக் கடித்திருந்த குழந்தையைப் பார்த்தார். தடுப்பை நகர்த்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"சொந்தக் கொழந்தன்னா யாருக்கும் கை ஓடாது சார். போங்க."

அந்த ஆறுதல் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தேனாம்பேட்டை தாண்டினார்கள். தி. நகரில் ஷட்டர் இறக்கிய கடைகளின் வாசல்களில் நாய்கள் படுத்திருந்தன.

ஆயத் பிளாஸ்டிக் அங்கி, இரட்டை முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்துத் தயாராக நின்றாள். மெல்லிய கம்பியை வளைத்து, ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டினாள். சாய்நாத் அறைக்கு வெளியே நின்று பார்த்தான். உதவிக்கு யாரும் இல்லாமல் அவளே கருவியை எடுத்து, அவளே வைத்து, அவளே விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். லூர்துசாமி நிற்கும் இடம் அங்கேயும் காலியாக இருந்தது போல அவனுக்குப் பட்டது. உள்ளே போய் விளக்கையாவது பிடிக்க நினைத்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

முடித்துவிட்டு அங்கியைக் கழற்றிப் போட்டு, வேர்வையில் தொப்பலாக நனைந்த உடையோடு அவள் வெளியே வந்தாள். சாய்நாத் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். இரண்டு படி விட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"பல்லு நிக்குமா?" என்று கேட்டான்.

"தெரியல. ரெண்டு வாரம் கழிச்சுக் கம்பிய எடுப்பேன். வேர் சிகிச்சை பண்ணணும். எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு?"

அவன் கையுறையின் நுனிகளை இழுத்துவிட்டுக்கொண்டான். குழாயடியில் நின்ற நேரத்தையும் அதில் கூட்ட வேண்டியிருந்தது.

"நீரஜா சொன்னா," என்றாள் ஆயத். "கையக் காட்டு."

"வேண்டாம்."

"காட்டுடா."

கையுறையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. உள்ளங்கை வெந்த மாதிரி வெளுத்திருந்தது. விரல் முட்டிகளில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. ஆயத் குனிந்து பார்த்தாள்.

"நான் வீட்டுக்குப் போனதும் உடனே மேல ஏற மாட்டேன்," என்றாள். "கார்லயே உக்காந்து, கண்ணாடிய ஏத்திவிட்டு, துப்பட்டாவ வாயில அடைச்சுக்கிட்டுக் கத்துவேன். தினம். அப்புறம் மூஞ்சத் துடைச்சுட்டுப் போவேன். வலியுல்லா, பார்க்கிங் கிடைக்கலியான்னு கேப்பாரு. ஆமான்னுவேன்."

அவளுடைய கணவன் வலியுல்லா நல்ல மனிதன். அவனிடம்கூட அவள் சொல்லவில்லை என்பது சாய்நாத்தை என்னவோ செய்தது. லூர்துசாமியைத் தான் போன் செய்து கூப்பிட்டதை அங்கே, அந்தப் படிக்கட்டில், முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நம்பினானா, பயந்தானா, தெரியவில்லை.

"இருக்கலாம்," என்றாள் ஆயத். "உன் கிளினிக்லேர்ந்தே அவருக்கு வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அது நமக்குத் தெரியப் போறதில்ல, சாய்நாத். தெரியாமத்தான் இருந்தாகணும். நீ கழுவினா மட்டும் தெரிஞ்சிடுமா?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நீரஜா அனன்யாவைக் கூட்டிக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் ஒரு மனநல டாக்டர் கிட்ட போன்ல பேசிட்டிருக்கேன்," என்று ஆயத் எழுந்தாள். "மாத்திரையும் சாப்பிடறேன். உனக்கு நம்பர் அனுப்பறேன். நாளைக்குன்னு வெக்காதே. இன்னிக்கே பேசு."

வீட்டுக்கு வந்ததும் அவன் நேரே குளியலறைக்குப் போனான். நீரஜா தடுக்கவில்லை. அவன் வெளியே வருகிறவரை கூடத்தில் அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அனன்யா வலி மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே தூங்கிவிட்டாள்.

"லூர்துவ நீதான் கூப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவன் எட்டத் தரையில் உட்கார்ந்தான். ஆயத் அனுப்பிய எண்ணை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டான். நெடுநேரம் மணி அடித்தபிறகு ஒரு பெண் குரல் கேட்டது. அலுத்த குரல்தான், ஆனால் அவசரப்படுத்தவில்லை. அவன் என்ன வேலை செய்கிறான் என்று விசாரித்தாள்.

"பல் டாக்டரா? இந்த மாசம் எங்கிட்ட பேசற பல் டாக்டர் நீங்க மட்டும் இல்ல. சொல்லுங்க."

கை கழுவுவதைச் சொன்னான். லூர்துசாமியைச் சொன்னான். காலையில் நடந்ததைச் சொல்லும்போது பலமுறை நின்று நின்று சொன்னான். அந்தம்மாள் குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று விசாரித்தாள். பிறகு குரல் மாறாமல் கேட்டாள்.

"உயிரோட இருக்க வேண்டாம்னு தோணியிருக்கா, டாக்டர்?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீரஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி முருங்கைக்காய், முருங்கைக்காய் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போயிற்று. அது தெருமுனை திரும்பி மறைந்தது.

"தோணித்து," என்றான். "தினம் தோண்றது."

நீரஜா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னது நல்லதாச்சு," என்றது குரல். "பக்கத்துல யார் இருக்காங்க?"

"என் மனைவி."

"போன அவங்க கிட்ட குடுங்க. நான் ரெண்டு பேர் கிட்டயும் பேசணும். நீங்க எழுந்து எங்கேயும் போகாம அங்கேயே இருங்க."

அவன் போனை நீட்டினான். துடைக்காமல் கொடுக்கிறோம் என்ற எண்ணம் உடனே வந்தது, இன்னொரு கை சானிடைசர் பாட்டிலைத் தேடியது. அது கிடைப்பதற்குள் நீரஜா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கோ டாக்டர். நான் நீரஜா பேசறேன்."

பேசிக்கொண்டே நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முழங்கால் அவன் முழங்காலில் பட்டது. அவன் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். எழுந்து போகவில்லை.